புரியாத கடவுளை ஆராதிப்பது பொய்யா?

வாசகர் கேள்வி: சிறுவயதிலிருந்து ஞாயிறு ஆராதனைக்குப் போகிறவள் நான். சென்ற வருடம் அப்பா இறந்தார். அதற்குப் பிறகு ஆராதனையில் நிற்கும்போதெல்லாம், யாரென்றே தெரியாத ஒருவரிடம் பேசிக்கொண்டிருக்கிறேன் என்ற எண்ணம் வருகிறது. துக்கம் விசாரிக்க வந்தவர்கள், கடவுள் அப்பாவை ஏன் எடுத்துக்கொண்டார் என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். ஆனால் ஒரே கடவுள் பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என மூவராக இருக்கிறார் என்ற திரித்துவத்தைப் பற்றியோ, பதில் வராத ஜெபத்தைப் பற்றியோ கேட்டால், "அது மறைபொருள், அதையெல்லாம் கேட்கக் கூடாது" என்கிறார்கள். புரியாத ஒருவரைப் புகழ்ந்து பாடுவது பொய்யில்லையா? நாங்கள் நம்புவது இன்னதென்று எல்லோரும் சேர்ந்து அறிக்கையிடும் விசுவாசப்பிரமாணம் சொல்லும் நேரத்தில் எனக்கு வாயே வருவதில்லை. நேர்மையாக இருக்க வேண்டுமென்றால் போவதை நிறுத்திவிட வேண்டுமா? என் ஒன்பது வயது மகள் "கடவுள் எப்படி இருப்பார்?" என்று கேட்கிறாள். அவளுக்கும் என்ன சொல்வதென்று தெரியவில்லை.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

அப்பாவை இழந்த துக்கத்தோடு இதை எழுதியிருக்கிறீர்கள். அதை மனதில் வைத்தே பதில் எழுதுகிறேன். போவதை நிறுத்த வேண்டாம் என்பதுதான் என் ஆலோசனை. புரியாத ஒருவரை ஆராதிப்பது பொய்யில்லை. கிறிஸ்தவ ஆராதனை தொடக்கத்திலிருந்தே, மனித அறிவுக்குள் அடங்காத ஒருவரிடம் பேசுகிறோம் என்று தெரிந்தே நடந்து வந்திருக்கிறது. ஞாயிறுதோறும் ஆராதனை நடத்துகிறவன், வழிபாட்டின் வரலாற்றைப் பாடமாகக் கற்பிக்கிறவன் என்ற இரண்டு விதத்திலும் இதை நான் உறுதியாகச் சொல்ல முடியும்.

முதலில் அந்தத் துக்க வீட்டுப் பேச்சு. வந்தவர்கள் நல்ல மனதோடுதான் பேசியிருப்பார்கள். ஆனாலும் ஒரு மரணத்துக்குக் கடவுள் மனதில் இருந்த காரணம் இதுதான் என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. வேதாகமத்தில் எல்லாவற்றையும் இழந்து தவித்த யோபுவின் நண்பர்களை நினைத்துப் பாருங்கள். ஏழு நாள் இரவும் பகலும் ஒரு வார்த்தையும் பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அது வரைக்கும் அவர்கள் நல்ல நண்பர்கள். அப்புறம் விளக்கம் சொல்லத் தொடங்கினார்கள். கடைசியில் கடவுள் கோபப்படுவது அவர்கள்மேல்தான்: யோபு பேசியதுபோல நீங்கள் என்னைக் குறித்துச் சரியாகப் பேசவில்லை என்கிறார். இத்தனைக்கும் அதிகாரம் அதிகாரமாக முறையிட்டவர், சண்டை போட்டவர், கேள்வி கேட்டவர் யோபு. கடவுளுக்கு வக்காலத்து வாங்கியவர்கள் அந்த நண்பர்கள். யோபுவுக்குக் கூடக் கடைசிவரை காரணம் சொல்லப்படவில்லை என்பதையும் பாருங்கள். பெருங்காற்றிலிருந்து கடவுள் பேசுகிறார், ஆனால் விளக்கம் தரவில்லை. தம்மைக் காட்டுகிறார்.

ஆகவே, அப்பாவின் மரணத்துக்குக் கிடைத்த அந்தக் காரணங்களை நீங்கள் நம்பியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அவற்றை ஒதுக்கி வைப்பது விசுவாசக் குறைவு ஆகாது.

இனி "மறைபொருள், கேட்கக் கூடாது" என்ற பதில். இதில் எனக்கு உண்மையாகவே வருத்தம் உண்டு. கடவுள் மறைபொருள் என்பது திருச்சபையின் மிக ஆழமான அறிக்கைகளில் ஒன்று. அதை ஒருவரின் வாயை அடைக்கப் பயன்படுத்துவது அதற்குச் செய்யும் அவமரியாதை. வேதாகமத்தில் கடவுளுக்கு மிக நெருக்கமாக வந்தவர்கள் எல்லாம் கேட்டவர்கள். எரிகிற முட்செடியின் முன்னால் நின்ற மோசே, உம்முடைய பெயர் என்ன என்று கேட்டார். பிற்பாடு, உம்முடைய மகிமையை எனக்குக் காட்டும் என்று இன்னும் துணிந்து கேட்டார். மரியாள் தேவதூதனிடமே "இது எப்படியாகும்?" என்று கேட்டார். சங்கீதக்காரர்கள் "கர்த்தாவே, எதுவரைக்கும்?" என்று சலிக்காமல் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். இவர்களில் யாரையும் கேட்காதே என்று கடவுள் தடுக்கவில்லை.

மோசேக்குக் கிடைத்த பதிலைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். என் முகத்தை நீ காண முடியாது, ஒரு மனிதனும் என்னைக் கண்டு உயிரோடிருக்க முடியாது என்கிறார் கடவுள். ஆனால் அதோடு அவரை அனுப்பிவிடவில்லை. கன்மலையின் வெடிப்பில் நிறுத்தி, தம் கையால் மூடி, கடந்து போகும்போது தம்முடைய பின்பக்கத்தைக் காணும்படி செய்கிறார். அடுத்த அதிகாரத்தில், இரக்கமும் கிருபையும் நீடிய சாந்தமும் உள்ளவர் என்று தம்மைப் பற்றித் தாமே அறிவிக்கிறார். மோசே கேட்டது முழுதாகக் கிடைக்கவில்லை. ஆனால் ஒன்றுமே கிடைக்காமலும் போகவில்லை. கிடைத்தவுடன் அவர் செய்த முதல் காரியம், தரைமட்டும் குனிந்து பணிந்துகொண்டது. கிறிஸ்தவ வழிபாடு எங்கே நிற்கிறது என்று யாராவது கேட்டால் நான் இந்த இடத்தைத்தான் காட்டுவேன். முகம் தெரியவில்லை, குணம் தெரிகிறது. அது பணிவதற்குப் போதுமானதாக இருக்கிறது.

உங்கள் கேள்வி நான்காம் நூற்றாண்டில் பெரிய சர்ச்சையாகவே வெடித்தது. யூனோமியஸ் என்று ஓர் ஆயர் இருந்தார், கூர்மையான தர்க்கவாதி. "பிறப்பிக்கப்படாதவர்" என்ற ஒரே சொல்லில் கடவுளின் சாரம் முழுவதையும் சொல்லிவிடலாம் என்பது அவர் வாதம். கடவுளுக்குத் தம்மைப் பற்றித் தெரிந்ததைவிட நமக்கு ஒன்றும் குறைவாகத் தெரியாது என்று அவர் சொன்னதாகவே எதிர்த்தரப்பு வரலாற்றாசிரியர் ஒருவர் பதிவு செய்திருக்கிறார். அவர் வார்த்தைக்கு வார்த்தை அப்படிச் சொன்னாரோ இல்லையோ, அவருடைய தர்க்கம் போய் முடிகிற இடம் அதுதான். புரியாத ஒன்றை வணங்குவது அறிவீனம் என்றே அவரைச் சார்ந்தவர்கள் பேசினார்கள். நீங்கள் இப்போது கேட்பதும் ஏறக்குறைய அதையேதான். ஆனால் அவர்கள் இறுமாப்பில் பேசினார்கள், நீங்கள் வேதனையில் கேட்கிறீர்கள். அந்த வித்தியாசத்தை நான் மறக்கவில்லை.

அவர்களுக்கு எதிராக அந்தியோக்கியா நகரில் 386ஆம் ஆண்டு ஒரு குருவானவர் பிரசங்கம் செய்யத் தொடங்கினார். பின்னாளில் யோவான் கிறிசோஸ்தோம் என்று உலகமே அறிந்தவர். அந்த வருடம்தான் குருப்பட்டம் பெற்றிருந்தார். கடவுளை முழுதாக அறிய முடியாது என்பதே அந்தத் தொடர் பிரசங்கத்தின் பொருள். ஏசாயா தீர்க்கதரிசி தரிசனத்தில் கண்ட சேராபீன்கள் என்ற தூதர்களை அவர் எடுத்துக்காட்டுகிறார். கடவுளுக்கு அத்தனை அருகில் நிற்கிறவர்கள்கூடச் சிறகுகளால் முகத்தை மூடிக்கொள்கிறார்கள். மூடிக்கொண்டு சும்மா இருக்கவில்லை, "பரிசுத்தர், பரிசுத்தர், பரிசுத்தர்" என்று பாடுகிறார்கள். பார்க்க முடியாததும் பாடுவதும் அங்கே ஒரே நேரத்தில் நடக்கிறது. உலகமெங்கும் திருவிருந்து ஆராதனையில் நாம் பாடுகிற பாட்டு அவர்களிடமிருந்து எடுத்ததுதான்.

கிறிசோஸ்தோமின் பெயரால் வழங்கும் வழிபாட்டு முறையை கிரேக்க, ரஷ்ய மரபைச் சேர்ந்த கீழைத் திருச்சபைகள் இன்றும் பயன்படுத்துகின்றன. அதில் அப்பத்தையும் திராட்சை ரசத்தையும் அர்ப்பணிக்கிற பெரிய ஜெபம் எப்படி ஆரம்பிக்கிறது தெரியுமா? சொல்லுக்கு அடங்காதவர், சிந்தைக்கு எட்டாதவர், காணப்படாதவர், அறிந்து முடிக்க முடியாதவர் என்று வரிசையாகக் கடவுளை அழைக்கிறது. இத்தனை "முடியாது"களுக்குப் பிறகு அந்த ஜெபம் மௌனமாகிவிட வேண்டும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். ஆனால் அப்படியே நன்றி சொல்லத் தொடங்கிவிடுகிறது. எங்களை இல்லாமையிலிருந்து உண்டாக்கினீர், விழுந்த எங்களை மறுபடியும் எழுப்பினீர், நாங்கள் அறிந்த நன்மைகளுக்கும் அறியாத நன்மைகளுக்கும் நன்றி என்று போகிறது. அறியாத நன்மைகளுக்கும் நன்றி! தெரியாது என்று ஒத்துக்கொண்டு, அந்தத் தெரியாமையையும் சேர்த்தே கையில் ஏந்திப் பேசுகிற ஜெபம் அது. இதைப் பொய் என்று உங்களால் சொல்ல முடியுமா?

அந்தப் பிரசங்கங்களில் இன்னொரு இடம் நேராக உங்களுக்கே சொன்னதுபோல இருக்கிறது. பிரசங்கத்தைக் கேட்க மக்கள் முண்டியடித்துக்கொண்டு வந்தார்களாம். பிரசங்கம் முடிந்து திருவிருந்துக்கான ஜெபம் தொடங்கும் நேரத்தில் பாதிப் பேர் கிளம்பிவிடுவார்களாம். ஏன் என்று கேட்டால், ஜெபத்தை வீட்டிலேயே பண்ணிக்கொள்ளலாமே என்று பதில். வீட்டில் ஜெபிக்கலாம், ஆனால் இத்தனை பேர் ஒரே மனதாகக் கடவுளை நோக்கிக் கூப்பிடுகிற இந்த ஜெபம் வீட்டில் கிடைக்காது என்று கிறிசோஸ்தோம் வாதாடுகிறார். கடவுளை அறிந்து முடிக்க முடியாது என்று அத்தனை உறுதியாகப் பேசியவர்தான், ஆராதனையை விட்டுப் போகாதீர்கள் என்று கெஞ்சியும் இருக்கிறார். இரண்டும் ஒன்றோடொன்று சேர்ந்தது. தனியே ஒருவரின் அறிவுக்கு எட்டாதவரிடம் போகத் துணை வேண்டும். பாட உங்களுக்கு முடியாத நாளில் பக்கத்தில் நிற்கிறவர் பாடுகிறார். அந்தப் பாட்டு உங்களையும் சேர்த்துக்கொண்டுதான் போகிறது. இந்த வருடம் நீங்கள் அப்படி நின்றால் போதும்.

திரித்துவத்துக்கு வருகிறேன். இதில் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் செய்த தவறு, ஒன்று எப்படி மூன்றாகும் என்ற கணக்காக அதை முன்வைத்ததுதான் என்று நினைக்கிறேன். அது அப்படிப் பிறக்கவே இல்லை. 112ஆம் ஆண்டு வாக்கில் ரோம ஆளுநர் பிளினி பேரரசர் திராயானுக்கு எழுதிய கடிதம் இன்றும் இருக்கிறது. கிறிஸ்தவர்களைப் பிடித்து விசாரித்தபோது, அவர்கள் குறிப்பிட்ட ஒரு நாளில் விடியும் முன்னே கூடி, கிறிஸ்துவைத் தெய்வமாகப் பாவித்து மாறி மாறிப் பாடுவதாகத் தெரிந்துகொண்டேன் என்று அதில் எழுதுகிறார். இதை வார்த்தையில் வரையறுக்க ஆயர்கள் கூடிய நிசேயா சங்கம் நடந்தது 325இல். இரண்டுக்கும் இடையில் இருநூறு வருடத்துக்கு மேல் இருக்கிறது. அத்தனை காலமும், கடவுள் ஒருவரே என்ற விசுவாசத்தை விடாமல், பிதாவை நோக்கி இயேசுவின் வழியாக ஆவியானவரின் பலத்தால் ஜெபித்தார்கள், பாடினார்கள், ஞானஸ்நானம் கொடுத்தார்கள். நாம் செய்துகொண்டிருப்பது என்ன, இது சரிதானா என்ற கேள்வி அந்த வழிபாட்டுக்குள்ளிருந்தே எழுந்தது. சங்கங்கள் தேடியது அதற்குப் பொருத்தமான வார்த்தைகளை.

நிசேயாவுக்குப் பிறகும் அந்த வழி மாறவில்லை. செசரியாவின் ஆயர் பசிலியார் ஆராதனையில் "பிதாவுக்கு, குமாரனோடும் பரிசுத்த ஆவியோடும்கூட மகிமை" என்று ஒரு தடவையும், "குமாரன் வழியாக, பரிசுத்த ஆவியில்" என்று இன்னொரு தடவையும் சொன்னார். அதென்ன இரண்டு விதம் என்று சிலர் தகராறு செய்தார்கள். அதற்குப் பதிலாகத்தான் 375 வாக்கில் பரிசுத்த ஆவியைக் குறித்து அவர் முழுப் புத்தகமே எழுதினார். ஆராதனையின் கடைசியில் நாம் வேகமாகச் சொல்லிவிட்டுப் போகிற ஒரு வரியிலிருந்து அந்தப் புத்தகம் பிறந்திருக்கிறது. ஆகவே திரித்துவத்தைப் புரிந்துகொண்ட பிறகுதான் ஆராதிக்க வேண்டும் என்று நினைக்காதீர்கள். ஆராதித்தவர்கள்தான் அதைக் கண்டார்கள். நீங்கள் ஜெபிக்கும்போது யாரை நோக்கி, யார் வழியாக, யார் துணையால் ஜெபிக்கிறீர்கள் என்று கவனித்துப் பாருங்கள். எந்தப் படமும் எந்த உவமையும் தராத தெளிவு அங்கிருந்து வரும்.

ஆதித் திருச்சபை இதே வரிசையில்தான் கற்றுக்கொடுத்தது. பெரியவர்கள் ஞானஸ்நானம் பெற வரும்போது பல வாரங்கள் போதனை நடக்கும். ஆனால் ஞானஸ்நானத்திலும் திருவிருந்திலும் நடப்பதற்கு என்ன அர்த்தம் என்று முன்கூட்டியே முழுதாகச் சொல்ல மாட்டார்கள். ஈஸ்டர் இரவில் தண்ணீரில் இறங்கி, எண்ணெய் பூசப்பட்டு, முதல் தடவையாக அப்பத்தையும் ரசத்தையும் பெற்ற பிறகு, அடுத்து வரும் நாட்களில் ஆயர் விளக்குவார். எதிர்பாராமல் வரும் ஒளி மனதில் இன்னும் நன்றாக இறங்கும் என்று மிலான் நகரத்து ஆயர் அம்புரோசியார் இதற்குக் காரணம் சொன்னார். 380களில் எருசலேமுக்குப் புனிதப் பயணம் போன எகேரியா என்ற பெண், அந்த ஈஸ்டர் வாரத்தில் ஆயர் ஒவ்வொன்றாக விளக்கும்போது கேட்டவர்கள் எழுப்பிய ஆரவாரம் ஆலயத்துக்கு வெளியே தூரம் வரை கேட்டது என்று எழுதி வைத்திருக்கிறார். எனக்கு மிகவும் பிடித்த சாட்சி அது. முதலில் பெற்றுக்கொண்டார்கள், பிறகு புரிந்தது, புரிந்தபோது ஆனந்தம் அடக்க முடியாமல் வெளியே கேட்டது. கேள்வி கேட்கக் கூடாது என்று அங்கே யாரும் சொல்லவில்லை. விளக்கத்துக்கு ஒரு வாரமே ஒதுக்கியிருந்தார்கள்.

உங்கள் கடிதத்தில் விசுவாசப்பிரமாணத்தைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். ஞாயிறு திருவிருந்து ஆராதனையில் அதைச் சொல்லும் வழக்கம் பின்னால் வந்தது. ரோம் நகரத் திருச்சபை அதைத் திருப்பலியில் சேர்த்துக்கொண்டதே 1014இல்தான். அதற்கு முந்தைய நூற்றாண்டுகளில் அதன் இயல்பான இடம் ஞானஸ்நானம். பழைய முறையில் தண்ணீருக்குள் நிற்கிறவரிடம் பிதாவை, குமாரனை, பரிசுத்த ஆவியை விசுவாசிக்கிறாயா என்று மூன்று தடவை கேட்பார்கள். விசுவாசிக்கிறேன் என்று சொல்லச் சொல்ல மூன்று தடவை முழுக்குவார்கள். கடவுளைப் பற்றிய தேர்வில் எழுதுகிற விடைபோல அவர்கள் அதைச் சொல்லவில்லை. ஒருவரிடம் தன்னை ஒப்புக்கொடுக்கிறவர் சொல்லும் சம்மதமாகச் சொன்னார்கள். பிரமாணத்தின் வரிகளையும் பாருங்கள். கடவுள் எதனால் ஆனவர் என்று ஒரு வரியும் விளக்குவதில்லை. உண்டாக்கினார், இறங்கி வந்தார், பாடுபட்டார், அடக்கம் பண்ணப்பட்டார், எழுந்தார் என்று அவர் செய்ததைத்தான் பெரும்பாலும் சொல்கிறது. வாய் வராத ஞாயிறுகளில் சும்மா நின்று கேளுங்கள். உங்களைச் சுற்றி இருக்கிறவர்கள் சொல்லட்டும். சொல்ல முடிகிற வரி ஒன்று வரும்போது அதை மட்டும் சேர்ந்து சொல்லுங்கள். அதில் ஏமாற்று எதுவும் இல்லை.

எருசலேம் ஆலயத்தின் மகாபரிசுத்த ஸ்தலத்துக்குள் பிரதான ஆசாரியன் மட்டும் வருடத்தில் ஒரு நாள் நுழைவார். கி.மு. 63இல் ரோமத் தளபதி பாம்பே ஆலயத்தைப் பிடித்தபோது உள்ளேயே போய்ப் பார்த்தார். தெய்வ உருவம் எதுவும் இல்லை, இடம் வெறுமையாக இருந்தது என்று பிற்பாடு ரோம வரலாற்றாசிரியர் டாசிடஸ் எழுதினார். ரோமருக்கு அது விசித்திரமாகப் பட்டது. இஸ்ரவேலருக்கு அந்த வெறுமைதான் அறிக்கை: எங்கள் கடவுளை எந்த உருவத்திலும் பிடித்து வைக்க முடியாது. சிலுவையில் இயேசு உயிர்விட்டபோது அந்த ஸ்தலத்தின் திரை மேலிருந்து கீழ்வரை கிழிந்தது என்று சுவிசேஷங்கள் சொல்கின்றன. இதை நான் எப்படிப் படிக்கிறேன் என்றால், திரை கிழிந்ததும் மறைபொருள் தீர்ந்துபோகவில்லை. அது வெளியே, ஒரு மனிதனின் வேதனையான சாவுக்குள், நம் கைக்கெட்டும் தூரத்துக்கு வந்துவிட்டது. "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்?" என்று கேட்டுக்கொண்டே இறந்தவரை நாம் தேவகுமாரன் என்று வணங்குகிறோம். உங்கள் அப்பாவின் மரணத்தோடு நீங்கள் நிற்கிற இடம் அவருக்குத் தெரியாத இடம் இல்லை.

எம்மாவு சம்பவத்தையும் இதோடு சேர்த்துப் படியுங்கள். எம்மாவு ஊருக்கு நடந்துபோன இரண்டு சீடர்களும், வழிநெடுக வேதவாக்கியங்களை விளக்கிக்கொண்டு வந்த உயிர்த்தெழுந்த இயேசுவை அடையாளம் காணவில்லை. அப்பத்தைப் பிட்டுக் கொடுத்தபோது கண்டுகொண்டார்கள். கண்டுகொண்ட அதே கணத்தில் அவர் மறைந்துபோனார். திருவிருந்தில் நமக்கு நடப்பதும் இதுவே. கிடைக்கிறார், ஆனால் பிடியில் நிற்பதில்லை. அவர் மறைந்ததும் அந்த இருவரும் துக்கப்படவில்லை, அந்த இரவிலேயே எருசலேமுக்குத் திரும்பி ஓடினார்கள். நாற்பது வருடம் சேர்ந்து வாழ்ந்த கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் நன்றாக அறிவார்கள். ஆனாலும் அவரைப் பற்றித் தெரிந்துகொள்ள இனி ஒன்றுமில்லை என்று இருவரில் யாரும் சொல்ல மாட்டார்கள். கடவுளை அறிவது என்று நான் சொல்வது இந்த மாதிரியான அறிவைத்தான்.

சரி, நடைமுறைக்கு வருவோம். முதலாவது, புகழ்ச்சிப் பாடல் வாயில் வராத நாட்களில் 13ஆம் சங்கீதத்தையும் 88ஆம் சங்கீதத்தையும் ஜெபமாகச் சொல்லுங்கள். 88ஆம் சங்கீதம் இருளில் தொடங்கி இருளிலேயே முடிகிறது. கடைசி வரியில்கூட ஆறுதல் கிடையாது. அப்படிப்பட்ட ஒன்றை ஆராதனைப் புத்தகத்தில் சேர்த்து, ஆலயப் பாடகர்களான கோராகின் புத்திரருக்குப் பாடக் கொடுத்திருக்கிறார்கள். அந்த முறையீடும் ஆராதனைதான் என்று வேதமே ஒத்துக்கொண்டிருக்கிறது. உங்கள் முறையீட்டை ஆராதனைக்கு வெளியே விட்டுவிட்டு வரத் தேவையில்லை.

அடுத்தது மௌனம். இன்றைக்கு நம் ஆராதனைகளில் இடைவெளியே இல்லை என்பது என் பெரிய கவலை. பாட்டு, அறிவிப்பு, ஜெபம், பிரசங்கம், மறுபடியும் பாட்டு என்று ஒன்று முடிவதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது. எல்லாவற்றையும் பேசி நிரப்புகிற இடத்தில், பேச்சுக்கு அடங்காதவருக்கு இடம் எங்கே? கத்தோலிக்கத் திருச்சபையின் இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் வெளியிட்ட வழிபாட்டு ஆவணம், உரிய நேரங்களில் பரிசுத்தமான மௌனம் காக்கப்பட வேண்டும் என்று தனியாகச் சொல்லி வைத்தது. குவேக்கர் சபையார் கூடி உட்கார்ந்து மௌனமாகக் காத்திருப்பதையே ஆராதனையாக வைத்திருக்கிறார்கள். கீழைத் திருச்சபைகளின் திரையும் தூபமும், பெந்தெகொஸ்தேயினர் ஆவியில் நிறைந்து, தமக்கே புரியாத மொழியில் ஜெபிக்கும் அந்நிய பாஷையும் இதே தேவையிலிருந்து வருவதாகவே நான் பார்க்கிறேன்: வார்த்தை போதாத இடம் ஒன்று உண்டு. நாம் வேண்டிக்கொள்ள வேண்டியது இன்னதென்று அறியாதபோது ஆவியானவர்தாமே வாக்குக்கு அடங்காத பெருமூச்சுகளோடு நமக்காக வேண்டுதல் செய்கிறார் என்று பவுல் ரோமருக்கு எழுதினார். ஆராதனை தொடங்குவதற்குப் பத்து நிமிடம் முன்னால் போய் உட்காருங்கள். எதையும் கேட்க வேண்டாம், எதையும் உணர முயல வேண்டாம். அழுகை வந்தால் அழுங்கள்.

மகளுக்கு என்ன சொல்வது? "எனக்கும் முழுசாகத் தெரியாது, யாரும் கடவுளைப் பார்த்ததில்லை" என்று தைரியமாகச் சொல்லுங்கள். யோவான் சுவிசேஷத்தின் முதல் அதிகாரமே அதைத்தான் சொல்கிறது. அதற்கடுத்த வார்த்தையையும் விடாமல் சொல்லிவிடுங்கள்: பிதாவின் மடியிலிருக்கிற குமாரன் அவரை வெளிப்படுத்தினார். பிலிப்பு இதே கேள்வியைத்தான், பிதாவை எங்களுக்குக் காட்டும் என்று இயேசுவிடம் கேட்டார். என்னைக் கண்டவன் பிதாவைக் கண்டான் என்று பதில் வந்தது. ஆகவே இயேசு குழந்தைகளை அணைத்துக்கொண்ட கதையையும், லாசருவின் கல்லறையில் கண்ணீர் விட்ட கதையையும் வாசித்துக் காட்டி, "கடவுள் இப்படித்தான் இருப்பார்" என்று சொல்லுங்கள். தாத்தாவை இழந்த ஒன்பது வயதுக் குழந்தைக்கு அந்த இரண்டாவது கதை மிகவும் வேண்டியிருக்கும். அவள் மேலும் கேட்டால் சந்தோஷப்படுங்கள்.

கடைசியாக, உங்கள் ஆயரிடம் மறுபடியும் ஒரு தடவை பேசுங்கள், ஆனால் கேட்கும் விதத்தை மாற்றிக்கொள்ளுங்கள். திரித்துவத்தை விளக்குங்கள் என்று கேட்டால் அவருக்கும் பயம் வந்துவிடும், பல ஆயர்களுக்கு அப்படித்தான். அதற்குப் பதிலாக, பதில் வராமல் போன ஜெபம் உங்கள் வாழ்க்கையில் இருந்ததா, அதற்குப் பிறகும் எப்படி ஆராதனை நடத்தினீர்கள் என்று கேளுங்கள். அதற்கும் "கேட்கக் கூடாது" என்றுதான் பதில் வந்தால், சபையில் துக்கத்தைக் கடந்து வந்த மூத்தவர் ஒருவரைத் தேடிப் போங்கள். அப்பாவின் நினைவு நாள் ஜெபத்தில் 88ஆம் சங்கீதத்தை வாசிக்கச் சொல்லிக் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. வாசிக்க ஆள் கிடைக்காவிட்டால் நீங்களே வாசியுங்கள்.